கடலைப் பார்த்த பக்கம்

போன மாதம் ரமணன் தொலைபேசியில் கூப்பிட்டான். ஒரு காலத்தில் லண்டனின் மிச்சம் பகுதியில் என் பக்கத்து மேசையில் இருந்து விமானங்களின் உருவத்தைக் கணினியில் கட்டியவன். இப்போது பெரிய இடமொன்றில் பெரிய பதவி.

"அண்ணை, இப்ப ஒரு பக்கத்துப் படத்தைக் குடுத்தால் மற்றப் பக்கத்தை மெஷினே கீறித் தருது. தேத்தண்ணி குடிச்சு முடியிறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்."

"சரியாக் கீறுதோ?"

"சரியோ பிழையோ ஆருக்குத் தெரியும்? வடிவாக் கீறுது."

சிரித்தான். பிறகு, "நீங்கள் அந்த இடப்பக்கக் கதையை எழுதி வையுங்கோ. இஞ்ச பெடியளுக்குச் சொன்னால், ஒரு பக்கத்துக்கு ஏழு மாசமோ எண்டு சிரிக்கிறாங்கள்" என்றான்.

ஏழு மாதமல்ல, ஐந்து. 2009 யூனிலிருந்து ஒக்ரோபர் வரை.

என் தொழில் வாழ்க்கையின் முற்பகுதியைச் சுருக்கமாகவே சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழின் படப்பிரிவில் பதினொரு ஆண்டுகள் இருந்தேன். படம் தெரிவு செய்வது, வெட்டுவது, அடிக்குறிப்பு எழுதுவது, பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடுவது. லண்டன் வந்தபின் மோர்டனில் ஓர் அச்சகத்தில் நிறத்திருத்தம். அது மூடப்பட்டபோது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்த வயதில்தான் சுகந்தி என்பவரின் நிறுவனத்தில் சேர்ந்து, போர் விமானங்களுக்கு நிறம் பூசத் தொடங்கினேன்.

நிஜ விமானங்களுக்கு அல்ல. வீட்டில் கணினியின் முன்னால் இருந்து விமானம் ஓட்டும் பொழுதுபோக்கு ஒன்று உண்டு. அதில் தீவிரமானவர்களுக்கு ஏதோ ஒரு ஜெட் போதாது. இன்ன கப்பலில், இன்ன ஆண்டில், இன்ன இலக்கத்தோடு நின்ற ஜெட் வேண்டும். வாலில் உள்ள எழுத்தின் சாய்வு பிழைத்தாலும் கடிதம் எழுதுவார்கள். விமானத்தின் மேனியை வெட்டித் தட்டையாக விரித்த படத்தை நாங்கள் 'தோல்' என்போம். அந்தத் தோலில் நிறம், இலக்கம், எண்ணெய்க் கறை, சப்பாத்துத் தடம் எல்லாவற்றையும் தீட்டுவோம். கணினி அதை எடுத்து உருவத்தின்மேல் போர்த்தும். எங்கள் நிறுவனம் பழைய பிரித்தானியக் கடற்படை ஜெட்களை மட்டுமே செய்தது.

வேலைக்குப் போன முதல் நாள் சுகந்தி கேட்டார். "அண்ணை, ஜெட் பாத்திருக்கிறியளோ?"

"பாத்திருக்கிறன். கீழ இருந்து."

அவருக்கு விளங்கியது. அவரும் அந்தச் சத்தத்துக்குப் பதுங்குகுழிக்குள் ஓடியவர்தான். "அப்ப வயிறு உங்களுக்குப் பாடம்" என்றார். "மேல்பக்கம் நான் பழக்கிறன்."

சுகந்தி ஜெர்மனியில் கார்களுக்கு வண்ணம் தெளிக்கும் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை செய்து, பிறகு லண்டன் வந்தவர். என்னைவிட இருபது வயது இளையவர். மிச்சத்தில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது எங்கள் அலுவலகம். கீழே சில்லு கழற்றும் சத்தம் கேட்டால் மேலே மேசை அதிரும். அவர் உண்மையான வண்ணத்தை வாங்கி, தகரத் துண்டுகளில் பூசி, திகதி எழுதி மொட்டை மாடியில் வைத்திருந்தார். பிரித்தானிய வண்ண அட்டையில் 640 என்ற எண்ணுடைய கடும் கடற்சாம்பல் மட்டும் ஒன்பது துண்டுகள். மூன்று குளிர்காலம் நனைந்த துண்டு ஒரு நிறம், ஒரு கோடை மட்டும் காய்ந்தது இன்னொரு நிறம். வானம் மூடிக் கிடக்கும் நாட்களில் முழு லண்டனும் முகத்தைச் சுளிக்க, சுகந்தி மட்டும் "இண்டைக்கு நல்ல வெளிச்சம்" என்று சொல்லிக்கொண்டு தகரங்களை யன்னலுக்குக் கொண்டு வருவார். வெயில் நிறத்தைப் பற்றிப் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. பார்க்கும்போது பேசமாட்டார். பார்த்து முடித்ததும் ஒரு சொல்தான் வரும்: "ஓம்" அல்லது "திருப்பி", அதாவது மறுபடி செய்யுங்கள்.

அவர் வைத்திருந்த ஒழுங்கு ஒன்றை நான் எந்தச் செய்தி அறையிலும் கண்டதில்லை. ஒவ்வொரு விமானத்தின் தோலையும் அறுபது கட்டங்களாகப் பிரித்து ஒரு தாள் செய்வார். அதே விமானத்தின், அதே காலத்துப் படம் இருந்தால் அந்தக் கட்டம் பச்சை. அதே அணியின் வேறொரு விமானத்தைப் பார்த்துத் தீட்டினால் மஞ்சள். ஊகம் என்றால் சிவப்பு. தாளில் ஒரு சிவப்பு இருக்கும்வரை எதுவும் வெளியே போகக்கூடாது. நாங்கள் கொண்டுபோகும் ஒவ்வொரு படத்துக்கும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "எங்க நிண்டு எடுத்தவன்?"

எங்கள் பழைய செய்தி ஆசிரியரும் அதையே கேட்பார். படத்தில் இருப்பதைவிட, படம் எடுத்தவன் நின்ற இடம் அதிகம் சொல்லும்.

2009 வசந்தத்தில் அந்தக் கேள்வி அலுவலகத்துக்கு வெளியேயும் வந்துவிட்டது. பாதி மேசைகள் வெறுமையாக இருந்தன. பிள்ளைகள் பாராளுமன்றத்துக்கு முன்னால் கொடிகளோடு நின்றார்கள். ஊரிலிருந்து போரின் படங்கள் வந்தன. சுகந்தி அவற்றை வேலைப் படங்களைப் பார்ப்பதுபோலவே அசையாமல் பார்ப்பார். ஒருமுறைகூட "திருப்பி" என்று சொல்லவில்லை. யூன் பிறந்தபோது எல்லோரும் மேசைகளுக்குத் திரும்பியிருந்தோம்.

அந்த யூனில்தான் ஹெலன் ஹார்லோவின் கடிதம் வந்தது.

நாங்கள் அப்போது இரண்டு பேர் பறக்கும் ஒரு பழைய ஜெட்டைச் செய்துகொண்டிருந்தோம். மேலே கடும் சாம்பல், வயிறு வெள்ளை. விமானி இடப்பக்கம் கண்ணாடிக் குமிழின் கீழ் இருப்பார். அவருக்குத் துணையாக ரேடார் பார்ப்பவர் வலப்பக்கம், உடலுக்குள் இறங்கிய ஓர் இருட்டுப் பெட்டிக்குள் இருப்பார். ஹெலன் நாற்பத்தாறு வயதுப் பள்ளி ஆசிரியை. அவருக்கு இரண்டு வயதாக இருக்கும்போது, அந்த வகை விமானம் ஒன்று கப்பலிலிருந்து கிளம்பிச் சிறிது நேரத்தில் கடலில் விழுந்தது. ரேடார்காரர் மீட்கப்பட்டார், அவரும் பின்னர் நோயில் இறந்துபோனார். விமானியான ஹெலனின் தந்தை கிடைக்கவே இல்லை. கல்லறையும் இல்லை.

"நீங்கள் செய்வது அந்தக் கப்பல், அந்த ஆண்டு என்று அறிந்தேன்" என்று எழுதியிருந்தார். "அவருடைய விமானத்தின் இலக்கம் என்னிடம் இருக்கிறது. விமானி இடப்பக்க ஏணியால்தான் ஏறுவார் என்று அம்மா சொல்வார். ஆகவே வெளியிலிருந்து அவர் கடைசியாகப் பார்த்தது இடப்பக்கமாகத்தான் இருக்கும். அதை ஒருமுறை பார்க்க விரும்புகிறேன்."

அந்த இலக்கத்துக்கு நாற்பத்து மூன்று படங்கள் சேர்த்தோம். சுகந்தி அவற்றை நிலத்தில் பரப்பிவிட்டுச் சுற்றி நடந்தார்.

"என்ன அண்ணை இது, நிலா மாதிரி? ஒரு முகத்தைத்தான் காட்டுது."

நாற்பத்து மூன்றும் வலப்பக்கம். காரணம் எளியது. விமானந்தாங்கிக் கப்பலில் மாலுமிகள் ஏறி நின்று பார்க்கும் கட்டடம் தளத்தின் வலது ஓரத்தில் இருக்கிறது. கமரா வைத்திருந்த எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். மூக்கை முன்னால் நீட்டி நிற்கும் விமானத்தின் வலப்பக்கம் அவர்களைப் பார்க்கும். இடப்பக்கம் கடலைப் பார்க்கும்.

அப்போது நான் ஒரு பிழை செய்தேன். வலப்பக்கத் தோலை அப்படியே கண்ணாடியில் போலத் திருப்பி இடப்பக்கத்தில் போட்டேன். வலப்பக்கப் படங்களில் இருட்டுப் பெட்டியின் கீழே ரேடார்காரரின் பெயர் எழுதப்பட்டிருந்தது. ஹெலனின் தந்தையோடு கடைசியாகப் பறந்தவரும் அவரே. அப்படியென்றால் இடப்பக்கம் குமிழின் கீழே 'ஹார்லோ' என்று இருந்திருக்க வேண்டும். எழுதினேன். அதை ஒரு படமாக எடுத்து, தாளைச் சுகந்தியிடம் காட்டாமலே, ஹெலனுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன்.

ஏன் அனுப்பினேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த ஆண்டு யாருக்காவது ஒரு நல்ல படம் அனுப்ப வேண்டும் போலிருந்தது. வேறு காரணம் இல்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது. ஹெலன் அதை அச்சடித்துச் சட்டம் போட்டு, அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். நான் பதிலைச் சுகந்தியிடம் காட்டினேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"அண்ணை, பேர் எழுதின கட்டம் என்ன நிறம்?"

"சிவப்பு."

"பேப்பரில இருந்த மனுசன் நீங்கள். சிவப்பை ஏன் வெளியில விட்டனீங்கள்?"

"பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும், சுகந்தி."

"சரியா இருந்தால் அது உங்கட அதிர்ஷ்டம். பிழையா இருந்தால் அவவின்ர சுவர்." நிலத்தில் கிடந்த படங்களைக் காலால் தொடாமல் விலகிப்போய் யன்னலோரம் நின்றார். "கடல் பக்கம் ஆர் நிண்டது எண்டு கண்டுபிடியுங்கோ."

"கடல் பக்கம் ஒருத்தரும் நிக்க ஏலாது."

ரமணன் திரையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "நிக்க ஏலாது அண்ணை. பறக்க ஏலும்."

அவன் சொன்னது சரி. விமானங்கள் கிளம்பும்போதும் இறங்கும்போதும் ஒரு மீட்பு ஹெலிகொப்டர் கப்பலின் இடப்பக்கமாகக் கடலின் மேல் நிற்கும். யாராவது விழுந்தால் தூக்குவதற்கு. அதற்குள் இருந்தவர்கள் மட்டுமே அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள். பழைய கடற்படையினர் தங்களுக்குள் அச்சடித்துக்கொள்ளும் செய்தித்தாளில் நான்கு வரி அறிவித்தல் கொடுத்தேன். ஒகஸ்டில் ஓர் அஞ்சலட்டை வந்தது. 'பிரயன்' என்று கையெழுத்து. முகவரி குரோய்டன்.

மிச்சத்திலிருந்து டிராமில் போனேன். பிரயன் இருந்த அடுக்குமாடியின் யன்னலிலிருந்து, எங்கள் ஆட்கள் விசாவுக்கு வரிசையில் நின்ற அந்தப் பெரிய அரசாங்கக் கட்டடம் தெரிந்தது. முன்பு நான் குரோய்டனுக்குப் போனதெல்லாம் அகதி மனுவில் சொன்ன என் கதையை அதிகாரிகள் நம்ப வேண்டும் என்பதற்காக. எங்கே நின்றாய், எப்போது, யார் பார்த்தது என்று அங்கே கேட்டார்கள். அன்று அதே கேள்விகளை நான் கையில் கொண்டுபோயிருந்தேன்.

பிரயன் எழுபதைத் தாண்டியவர். ஹெலிகொப்டரின் திறந்த கதவில் இருந்து, கம்பியில் ஆட்களைத் தூக்குவது அவருடைய வேலை. ஹெலனின் தந்தையோடு பறந்த ரேடார்காரரைத் தூக்கியது அவர்தான்.

"ஒருவரைத் தூக்கினேன்" என்றார். "மற்றவருக்காக எண்ணெய் தீரும்வரை சுற்றினோம்."

பிஸ்கட் தகரம் ஒன்றிலிருந்து வண்ண ஸ்லைடுகளை எடுத்துத் தந்தார். ஒன்றின் அட்டைச் சட்டத்தில் விபத்து நடந்த நாளின் திகதி இருந்தது. அவருடைய பறப்புப் பதிவேட்டிலும் அதே திகதி, அதே காலை. அன்று முதலில் கிளம்பியது ஹார்லோவின் விமானம்தான்; அது கிளம்புவதற்குச் சற்று முன், பக்கவாட்டில் நெருங்கிப் பறக்கும்போது, கதவில் இருந்து எடுத்திருக்கிறார்.

நான் ஸ்லைடை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். விரல் நகத்தளவு விமானம். குமிழ் தெரிந்தது. இடப்பக்கம்.

"விமானிகளுக்கு எங்களைப் பார்க்கப் பிடிக்காது" என்றார் பிரயன். "எங்களைப் பார்ப்பது சகுனம் சரியில்லை என்று நினைப்பார்கள். இவர் மட்டும் பார்ப்பார். கையும் தூக்குவார்."

மறுநாள் மிச்சத்தில் ஸ்லைடை ஸ்கேன் செய்தோம். முதலில் ஸ்லைடு திருப்பி வைக்கப்படவில்லை என்பதை எழுத்துகளை வாசித்து உறுதி செய்தேன். நாற்பது ஆண்டுகளில் சாயம் சிவப்புக்குச் சாய்ந்திருந்தது. விமானத்தின் வயிறு வெள்ளை என்பது எங்களுக்குத் தெரியும். அது வெள்ளையாகும்வரை சிவப்பைக் குறைத்தேன். வயிறு வெளுத்ததும் கடல் நீலமானது. சாம்பல் சாம்பலானது. சுகந்தி ஒரு தகரத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டு குளிர்காலத் துண்டு. பொருந்தியது.

கட்டம் கட்டமாகப் பெருப்பித்தோம். ஏணி கொளுவும் இடத்தில் சப்பாத்துகள் உரசிய தேய்மானம். குமிழுக்குக் கீழே, வாலுக்குப் போகும் எண்ணெய்க் கோடு. பிறகு பெயர்.

ஹார்லோ அல்ல. பெனட்.

பிரயனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்கு வியப்பில்லை. பெயர்களைக் கப்பலில் ஏறும்போது எழுதுவார்களாம். எந்த விமானத்தை யார் ஓட்டுவது என்பது அன்றன்று காலை பலகையில் வருமாம். பெனட் அன்று வேறொன்றை ஓட்டியிருப்பார். எல்லோரும் அப்படித்தான்.

ரமணன் கதிரையைத் திருப்பினான். "பேசாமல் விடுவம் அண்ணை. அவவுக்குத் தெரியப்போறதே?"

"உமக்குத் தெரியும்" என்றார் சுகந்தி. "எனக்குத் தெரியும். போதாதோ?"

பிறகு என்னைப் பார்த்தார். "பிழை விட்டவர்தான் திருத்தம் போடவேணும்."

"போடுறன்" என்றேன். பெயரைப் பார்த்தது போதும் என்று படத்தைக் கொஞ்சம் மேலே நகர்த்தினேன். குமிழ் திரைக்குள் வந்தது.

கண்ணாடிக்குள் ஒரு தலைக்கவசம். முன்னால் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தது. கவசத்தின் கண்ணாடித் திரையை மேலே தள்ளியிருந்தார். முகத்தின் மேற்பாதி தெரிந்தது, கண்கள் இரண்டு சிறு நிழல்களாக. முகத்துக்குப் பக்கத்தில், தோள் உயரத்துக்குச் சற்று மேலே, உறை போட்ட ஒரு கை.

கீழே டயர் கடையில் ஏதோ விழுந்தது, மேசை அதிர்ந்தது, திரையில் அந்தக் கையும் அதிர்ந்தது. ரமணன் எழுந்து நின்றுவிட்டான். சுகந்தி மெதுவாக, தனக்குத்தானே, "உள்ளுக்கு ஆள் இருக்கு" என்றார்.

அந்தச் சொல்லை நான் இன்றுவரை மறக்கவில்லை. ஊரில் எத்தனையோ முறை தலைக்கு மேலே ஜெட் போயிருக்கிறது. சத்தத்தை வைத்து வகை சொல்வோம், வயிற்றைப் பார்த்துத் திசை சொல்வோம். அதற்குள் ஒரு முகம் இருக்கும் என்பது தெரிந்த செய்திதான். கண்டதில்லை. மூன்று ஆண்டுகள் அவற்றுக்கு நிறம் பூசிய பிறகும், முதல்முறையாக அன்றுதான் கண்டேன்.

ஹெலன் செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை டிராமில் வந்தார். சட்டம் போட்ட படத்தையும் துணிப்பையில் கொண்டுவந்திருந்தார், எங்களிடம் காட்டுவதற்காக. பத்திரிகைத் திருத்தத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு: என்ன சொன்னோம், எது சரி, வருந்துகிறோம். அதே ஒழுங்கில் சொன்னேன்.

"விமானத்தில் உங்கள் தந்தையின் பெயர் இருந்ததாகப் படம் அனுப்பினேன். அது ஆதாரமில்லாத ஊகம். இருந்தது பெனட் என்ற பெயர். என் பிழை. வருந்துகிறேன்."

அவர் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். "நான் அதற்கு ஒவ்வொரு நாளும் காலை வணக்கம் சொல்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால் எனக்கு இன்னும் கடினமாக இருந்தது.

"அப்படியானால் அது அவருடைய விமானம்தானா?" என்று பிறகு கேட்டார். நான் பதிலுக்குத் திரையைத் திருப்பினேன்.

அவர் எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்ல முடியாது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சுகந்தி வைத்த தேநீர் ஆறிப்போனது. அவரிடம் இதுவரை இருந்ததெல்லாம் ஸ்டூடியோவில் எடுத்த ஒரு படம். அதில் தந்தை கமராவுக்கு மேலே எங்கேயோ பார்ப்பார் என்றார்.

"இதில் நேரே பார்க்கிறார்" என்றார்.

"ஹெலிகொப்டரை" என்றேன். சரியாக இருக்க வேண்டுமே.

"தெரியும்" என்று சிரித்தார், கண் நிறைந்திருந்தது. "பெயரை மாற்றாதீர்கள். பெனட் என்றே இருக்கட்டும்."

ஒத்திகைக்கு வைத்திருந்த கணினியின் முன் அவரை இருத்தினோம். விமானியின் இருக்கையில் இருந்து பார்க்கலாம் என்று ரமணன் காட்டினான். அவர் மறுத்தார். விமானத்துக்கு வெளியே, ஏணியடியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். தேய்ந்த இடத்தைப் பார்த்தார். பிறகு, "அந்த ஹெலிகொப்டர் நின்ற இடத்துக்குப் போகலாமா?" என்று கேட்டார். ரமணன் பார்வையைக் கடலின் மேல் கொண்டுபோய் நிறுத்தினான். கணினியில் இருந்த விமானி, எல்லா விமானிகளையும் போல, முன்னால் பார்த்தபடி இருந்தார்.

சுகந்தி தமிழில், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ரமணன், அந்தத் தலை பிழை. படம் இருக்கு. திருப்பி."

போகும்போது ஹெலன் சட்டம் போட்ட படத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். சட்டம் மட்டும் வேண்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஸ்லைடின் பிரதியைப் பெரிதாக அச்சடித்து, அதே சட்டத்தில் போட்டு, அடுத்த கிழமை அனுப்பினேன்.

ஒக்ரோபரில் விமானம் வெளியானது. அந்த அணியில் எஞ்சியிருந்த கிழவர்கள் ஓர் ஒன்றுகூடலில் அதை ஓட்டிப் பார்த்தார்கள் என்று பிரயன் சொன்னார். சில வாரங்களில் வாடிக்கையாளர்களின் கடிதங்கள் வந்தன. ஒரே முறைப்பாடு: கப்பலிலிருந்து கிளம்புவதற்குச் சற்று முன் இந்த ஒரு விமானத்தில் மட்டும் விமானி தலையை இடப்பக்கம் திருப்பி, ஒன்றுமே இல்லாத கடலைப் பார்க்கிறார், கையும் தூக்குகிறார், தயவுசெய்து பிழையைத் திருத்தவும். சுகந்தி எல்லோருக்கும் ஒரே பதில் எழுதினார்: பிழையில்லை. படம் இருக்கிறது.

நான் வேலையை விட்டபோது அந்த விமானத்தின் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது மோர்டனில் என் அறைச் சுவரில் இருக்கிறது. அறுபது கட்டங்களுக்குக் கீழே சுகந்தி கையால் இரண்டு வரி சேர்த்திருக்கிறார். 'விமானியின் முகம், கடல் பக்கம்' என்பதற்கு எதிரே பச்சை. 'கை' என்பதற்கு எதிரே மஞ்சள்.

அந்த மஞ்சள், பச்சையுமல்ல சிவப்புமல்ல என்ற பொருளில், நான் சொல்லிப் போட்டது. கிளம்பத் தயார் என்று தளத்தில் நிற்கும் அதிகாரிக்குக் காட்டவும் விமானிகள் கை தூக்குவது வழக்கம். அது அந்தக் கையா, ஹெலிகொப்டருக்குக் காட்டிய கையா என்று ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. பிரயன் உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தார் வாழ்த்து அட்டையில் ஒரே வரி எழுதுவார்: "இன்னும் மஞ்சளா?"

மஞ்சள்தான். ஆனால் காலையில் அந்தத் தாளைக் கடந்து போகும்போது, யாரும் பார்க்காத நேரங்களில், நானும் கையைத் தூக்குகிறேன்.